இப்படிக்கு

ராஜபாளையத்தில் மில்லில் முப்பது வருடம் சைடர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசினால், அவர் விரல்களைக் கவனிக்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருக்கும். பேச்சு மகள் கல்யாணத்தைப் பற்றியோ, மழை ஏய்த்ததைப் பற்றியோ போய்க்கொண்டிருக்கும். அதற்கிடையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்த நூலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டவைக்கும். அப்படிச் செய்தது அவருக்கே தெரியாது.

ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேமின் பக்கங்களைப் பார்த்துக்கொள்பவர் சைடர். நூற்றுக்கணக்கான ஸ்பிண்டில்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்க, ஏதோ ஒன்றில் இழை அறும். அங்கே போய், முழங்காலால் பிரேக்கை அழுத்தி அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் நிறுத்தி, பாபினில் சுற்றியிருக்கும் நூலின் நுனியைத் தேடி இழுத்து, டிராவலர் என்கிற சின்ன வளையத்துக்குள் நுழைத்து, மேலே ரோலரிலிருந்து இறங்கும் பஞ்சோடு சேர்த்துவிட வேண்டும். சில நொடி வேலைதான். சேர்த்ததும் அடுத்த அறுந்த இழையை நோக்கி நடை. ஷிப்டு முழுக்க இதே நடை, இதே விரல்வேலை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊரில் எத்தனையோ கைகளில் இந்த வித்தை குடியிருக்கிறது.

ஓய்வு பெற்ற மறுநாளும் சங்கு ஊதும் நேரத்துக்கு அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். தூக்குவாளி எடுக்க வேண்டாம், சைக்கிளைத் தள்ள வேண்டாம், டோக்கன் நம்பர் சொல்ல வேண்டாம். தெருவில் புதிதாக ஒருவர் 'நீங்க என்ன பண்றீங்க?' என்று கேட்டால், இத்தனை வருடம் ஒரே சொல்லில் வந்துவிழுந்த பதில் இன்று தொண்டையில் நிற்கும். 'மில்லுல இருந்தேன்' என்று இறந்தகாலத்தில்தான் சொல்ல முடியும். இருந்தவர் அவர் என்றால், இப்போது திண்ணையில் இருப்பவர் யார்?

தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விதான் இது. கடந்த எழுபது ஆண்டுகளில் உளவியலும் மூளை அறிவியலும் இதைச் சோதனைக்கூடத்துக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் கொண்டுவந்திருக்கின்றன. பழக்கம், பட்டம், உடம்பு, ஞாபகம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது என்ன என்பதற்கு இன்று ஓரளவு பதில் இருக்கிறது.

விரலிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட்டும் அவருடைய கூட்டாளிகளும் கல்லூரி மாணவர்களை மணிக்கொரு முறை, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், மனதில் என்ன ஓடியது என்று எழுதச் சொன்னார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வின்படி, அன்றாடச் செயல்களில் ஏறத்தாழ 43 சதவீதம் வழக்கமான இடத்தில், வழக்கமான விதத்தில், மனம் வேறெங்கோ இருக்கும்போது நடந்தவை. பல் தேய்க்கிறோம், பஸ் ஏறுகிறோம், பூட்டைப் பூட்டி ஒரு முறை இழுத்துப் பார்க்கிறோம். செய்யும்போது நாம் அங்கே இருப்பதில்லை.

இந்த வேலைகளை எடுத்து நடத்துவது மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்னும் நரம்பணுத் திரள்கள். இது ஞாபகத்தை நம்பி நடப்பதில்லை என்பதற்குக் கலிபோர்னியாவில் வாழ்ந்த ஒரு முதியவர் சாட்சி. ஆய்வுக் கட்டுரைகள் அவரை இ.பி. என்று குறிக்கின்றன. 1992இல் வைரஸ் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல், புதிய ஞாபகங்களைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை இரண்டு பக்கமும் அழித்துவிட்டது. அதன்பின் நடந்த எதுவும் அவரிடம் தங்கவில்லை. ஆனாலும் நோய்க்குப் பிறகு குடிவந்த வீட்டைச் சுற்றித் தனியாக நடந்துவிட்டுத் திரும்பி வரும் வழக்கம் அவருக்கு உண்டாயிற்று. வீடு எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால்கள் மட்டும் சரியான வாசலில் வந்து நிற்கும்.

அதனால் சைடரின் விரல்கள் இழையை ஒட்டிக்கொண்டிருப்பதை வைத்து 'அவர் இன்னும் மில் தொழிலாளிதான்' என்று முடிவுகட்ட முடியாது. பழக்கம் மனிதனுக்குத் தரை மாதிரி. அது இருப்பதால் காலூன்றி வேறு எதையாவது யோசிக்க முடிகிறது. தரையையே ஆள் என்று சொல்லிவிட முடியாது.

பழக்கத்துக்கு மேலே பட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்ஃபோர்டு குன், தாமஸ் மெக்பார்ட்லாந்து என்ற இரு சமூகவியலாளர்கள் 1954இல் மிக எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். தாளில் இருபது வெற்று வரிகள். மேலே ஒரே கேள்வி: நான் யார்? 12 நிமிடத்துக்குள் இருபது விடை எழுத வேண்டும். மாணவர்கள் முதலில் எழுதியதெல்லாம் ஊருக்கே தெரிந்த அடையாளங்கள்: மாணவன், பெண், இன்ன மதம், இன்னாரின் மகன். அவை தீர்ந்தபின்புதான் 'மகிழ்ச்சியானவன்', 'சலிப்பு வந்துவிட்டது' போன்ற, சொன்னவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் வந்தன.

வீட்டில் செய்து பார்க்கலாம். ராஜபாளையத்துக்காரர், சைடர், இன்னாருடைய அப்பா, இன்னாருடைய மச்சினன், இந்தத் தெரு, இந்தக் கோயிலுக்கு வரி கொடுப்பவர் என்று ஏழெட்டு வரி மளமளவென்று ஓடும். பிறகு பேனா நிற்கும். நின்று, யோசித்து, 'கடன் வாங்கப் பயப்படுவேன்' என்று ஒரு வரி வரும். 'கோபம் வந்தால் பேச மாட்டேன், எழுந்து போய்விடுவேன்' என்று இன்னொன்று. பேனா நின்ற அந்த இடம்தான் முக்கியம். அதற்கு முன்னால் எழுதியதை அடுத்த வீட்டுக்காரரும் எழுதித் தந்துவிடுவார்.

பட்டங்கள் நிலையானவை என்ற எண்ணம் எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்ட, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீடு போதும். 1910க்கு முன்பு அது திருநெல்வேலி மாவட்டத்து வீடு. அந்த வருடம் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குள் போனது. 1985இல் காமராசர் மாவட்டம். 1997இலிருந்து விருதுநகர் மாவட்டம். சுவர் நகரவில்லை, கிணறு நகரவில்லை, விலாசம் மூன்று முறை மாறிவிட்டது.

மனிதரிலும் இப்படி ஒருவரை இந்த மண்ணிலேயே காட்டலாம். 1898இல் ராஜபாளையத்தில் பிறந்த பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா, அதாவது பி.எஸ். குமாரசாமி ராஜா, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது மாகாணத் தலைமை அமைச்சருக்கு அதுதான் பெயர். 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானதும் அதே நாற்காலியில் இருந்தபடியே முதலமைச்சர் ஆனார். 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில், சொந்த மண்ணிலேயே, தோற்றார். 1954இல் ஒரிசாவின் ஆளுநர். 1957இல் காலமானார். பிரதமர், முதல்வர், தோற்ற வேட்பாளர், ஆளுநர் என்று ஐந்தாறு ஆண்டுக்குள் இத்தனை பெயர்ப்பலகைகள். ஆனால் இன்றும் ராஜபாளையத்தில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால், சொந்த வீட்டைக் கலைக்காக ஊருக்கு எழுதிவைத்ததையும், அது காந்தி கலைமன்றமாக நிற்பதையும் சொல்லாமல் விடமாட்டார்கள். அந்தச் செயலைச் சொன்னதும் ஆள் கண்முன்னே வந்துவிடுகிறார். இது ஏன் என்று அறிவியல் விளக்கும் இடம் இன்னும் சற்றுத் தள்ளி வருகிறது.

பட்டம் போனவரின் மனநிலையைத் தனியாக ஆராய்ந்தவர் ஹெலன் ரோஸ் ஈபா. இவர் முன்பு கன்னியாஸ்திரீ. மடத்தைவிட்டு வெளியே வந்து சமூகவியல் பேராசிரியர் ஆனவர். மணவிலக்கு பெற்றவர்கள், வேலையைவிட்டு வந்த காவலர்கள், மருத்துவர்கள், மடத்தைத் துறந்தவர்கள் எனப் பலரைப் பேட்டி கண்டு 1988இல் அவர் எழுதிய நூலின் சாரம் இது: 'முன்னாள்' என்பதே ஒரு தனிப் பாத்திரம். பழையதைக் கழற்றியவர் அது இல்லாதவராக ஆகிவிடுவதில்லை. அதைக் கழற்றியவராக ஆகிறார். நம் ஊர்களில் 'மாஜி' என்றும் 'எக்ஸ் சேர்மன்' என்றும் மரியாதையோடு அழைப்பதில் இந்த உண்மை ஏற்கனவே இருக்கிறது.

தமிழ்நாடு பட்டத்தைக் கழற்றும் வேலையை மேடைபோட்டுச் செய்த மாநிலமும்கூட. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானித்தார்கள். பலர் அப்படியே விட்டார்கள். மூன்றாம் மாநாடு 1931இல் விருதுநகரில் கூடியது. பெயரின் வாலை வெட்டினால் ஆள் குறைந்துவிடவில்லை என்பதை லட்சக்கணக்கான பேர் தங்கள் வாழ்க்கையிலேயே காட்டினார்கள். இதை ஒரு பெரும் சமூகச் சாதனையாகவும், மனித அடையாளம் பற்றிய ஒரு பெரும் பரிசோதனையாகவும் படிக்க இடம் இருக்கிறது.

சரி, பட்டங்கள் மாறட்டும், உடம்பு இருக்கிறதே என்று தோன்றும்.

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறிவரும் தேரைப் பார்க்க வேண்டும். ரத வீதிகளில் கூட்டம் வடம் பிடித்து இழுக்க, அந்த மரக்கோபுரம் அசைந்து அசைந்து வரும். எந்தத் தேருக்கும் வடம் நைந்தால் புது வடம், பலகை உளுத்தால் புதுப் பலகை, சக்கரம் தேய்ந்தால் புதுச் சக்கரம். கடைசியில் பழைய மரம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எந்தப் பக்தரும் கேட்பதில்லை. தாத்தா இழுத்த தேரைத்தான் தானும் இழுப்பதாக நினைக்கிறார், அது சரியாகவும் இருக்கிறது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தீசியஸ் என்ற வீரனின் கப்பலை வைத்துக் கேட்டது இதே கேள்வியைத்தான்.

மனித உடம்புக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா ஆய்வகத்தின் யோனாஸ் ஃபிரிசென். வழி விசித்திரமானது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைப் பெருக்கிவிட்டன. சோதனைகளை நிறுத்தியபின் அதன் அளவு வருடாவருடம் குறைந்தது. செடி அதை உறிஞ்ச, மனிதன் செடியைத் தின்ன, ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த வருடத்துக் காற்றின் அளவு பதிந்துவிடும். அணுகுண்டின் சாம்பலே செல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதிவைத்திருக்கிறது. 2005இல் கிர்ஸ்டி ஸ்பால்டிங், ஃபிரிசென் குழு அதைப் படித்துக் காட்டியது.

சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். குடலின் உள்தோல் செல்களுக்குச் சில நாள்தான் ஆயுள். எலும்புகூடப் பெரியவர்களில் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. இதயத் தசைச் செல்கள் 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் வீதம் மாறுகின்றன, 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பெருமூளைப் புறணியின் நரம்பணுக்கள் பிறந்தபோது வந்தவை. ஆளுக்கு என்ன வயதோ அதே வயது அவற்றுக்கும். இதைக் கேட்டதும் 'அப்படியானால் நான் என்பது அந்த நரம்பணுக்கள்தான்' என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். நரம்பணு பழையதே தவிர, அதற்குள்ளிருக்கும் புரதங்களும் அணுக்களுக்கு இடையிலான இணைப்புகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. தேரின் அச்சு அதேதான் என்றாலும், அதற்கும் நாளும் எண்ணெய் மாறுகிறது.

அப்படியென்றால் ஞாபகம். பதினேழாம் நூற்றாண்டில் ஜான் லாக் சொன்ன பதில் அது. நேற்றுச் செய்ததை 'நான் செய்தேன்' என்று நினைவுகூர முடிகிறவரைதான் நான் அதே ஆள் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கனடாவில் டொரான்டோ நகருக்கு அருகே வாழ்ந்த ஓர் இளைஞர் இந்தப் பதிலை ஆட்டிவைத்துவிட்டார்.

கே.சி. என்று அறிவியல் உலகம் அறிந்த அவர், 1981இல் தன் முப்பதாவது வயதில் மோட்டார் சைக்கிளோடு சாலையைவிட்டுப் பாய்ந்து மூளையில் படுகாயம் அடைந்தார். பிழைத்தெழுந்தபோது படிப்பு இருந்தது, பேச்சு இருந்தது, செஸ் ஆடினார், வீட்டு விலாசம் சொன்னார். தன் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைக்கூட நினைவுகூர முடியவில்லை. உடன்பிறந்த தம்பி இறந்தது அவருக்கு ஒரு தகவலாகத் தெரியும். அந்த நாள் கிடையாது. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த எண்டல் டல்விங் 'நாளைக்கு என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் அதற்கும் பதில் வராது. உள்ளே வெறுமையாக இருக்கிறது என்பார். நேற்றும் நாளையும் ஒரே கதவால் மூடிக்கொண்டன.

விபத்துக்கு முன்னால் கே.சி. கலகலப்பான ஆள், வேகம் பிடிக்கும், விருந்து பிடிக்கும். விபத்து அவரை அமைதியானவராக மாற்றிவிட்டது. டல்விங் அவரிடம் குணங்களைச் சொல்லும் சொற்களின் பட்டியலைக் கொடுத்து, எது எது தனக்குப் பொருந்தும் என்று குறிக்கச் சொன்னார். அவருடைய தாயிடம் அதே பட்டியலைக் கொடுத்து, மகன் இப்போது எப்படி என்று குறிக்கச் சொன்னார். 1993இல் வெளியான முடிவு: இருவர் விடையும் பெரும்பாலும் பொருந்தின. பழைய கே.சி.யை அல்ல, இன்றைய கே.சி.யை அவர் அறிந்திருந்தார். அமைதியாக இருந்த ஒரு மாலைப்பொழுதுகூட நினைவில் இல்லை. 'நான் அமைதியானவன்' என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு தாய் தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்து அறிந்ததை, எதையும் நினைவில் வைக்க முடியாத மகன் உள்ளிருந்து அறிந்திருக்கிறார். தன்னைப் பற்றிய அறிவு நிகழ்ச்சிகளின் ஆல்பம் அல்ல; அது வேறொரு இடத்தில், வேறொரு விதமாகச் சேர்கிறது. கதைகள் எல்லாம் எரிந்துபோனாலும் குணம் மிஞ்சும், அதை அந்த மனிதரே அறிவார். ஞாபகமறதியில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் எத்தனையோ பிள்ளைகளுக்கு இது வெறும் ஆய்வு முடிவாக இருக்காது.

அப்படிப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரையே கேட்டார்கள். நினா ஸ்ட்ரோமிங்கர், ஷான் நிக்கோல்ஸ் இருவரும் நரம்புச்சிதைவு நோய்கள் தாக்கியவர்களின் குடும்பத்தார் 248 பேரிடம், 'இவர் இன்னும் அதே ஆள்தானா?' என்ற கேள்வியைப் பல விதமாகக் கேட்டு 2015இல் வெளியிட்டார்கள். மூன்று நோய்கள். தசைகள் ஒவ்வொன்றாகச் செயலற்றுப்போகும் ஏ.எல்.எஸ்., ஞாபகத்தைத் தின்னும் அல்சைமர், முன்மூளையைத் தாக்கிப் பரிவையும் நடத்தையையும் குலைக்கும் இன்னொரு வகை மறதிநோய். 'ஆளே மாறிட்டார்' என்று அதிகம் பேர் சொன்னது இந்த மூன்றாவதில்தான். உடம்பே போனாலும் ஏ.எல்.எஸ். நோயாளி வீட்டாருக்கு அதே ஆள். ஞாபகம் குறைந்தாலும் அந்த அளவுக்கு ஆள் மாறியதாகத் தோன்றவில்லை. இரக்கம், நேர்மை, நன்றி போன்றவை போனபோதுதான் வீட்டில் அந்நியர் ஒருவர் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

குமாரசாமி ராஜாவின் பதவிகள் வரிசைக்கிரமமாக நினைவில் நிற்காமல், வீட்டைக் கொடுத்தது மட்டும் ஊரின் நினைவில் நிற்பதற்குக் காரணம் இங்கே கிடைக்கிறது. நாம் ஒருவரை அடையாளம் வைத்துக்கொள்ளும் இடம், அவர் மற்றவர்களிடம் நடந்துகொண்ட விதம். தமிழில் 'அவன் ஆளே அப்படித்தான்' என்று சொல்லும்போது வேலையையும் படிப்பையும் யாரும் குறிப்பதில்லை. குணத்தைத்தான் சொல்கிறோம்.

இன்னொரு முடிச்சும் உண்டு. 'நான்' என்பதன் எல்லை தோலோடு முடிவதில்லை. நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய ஒரு பகுதி, ஒரு சொல் தனக்குப் பொருந்துமா என்று யோசிக்கும்போது சுறுசுறுப்பாகிறது. அடுத்தவருக்குப் பொருந்துமா என்றால் அவ்வளவு இல்லை. 2007இல் ஷிஹுய் ஹான் குழு பெய்ஜிங்கில் சீனர்களையும் மேற்கத்தியர்களையும் ஸ்கேன் செய்தபோது, சீனர்களுக்கு அம்மாவைப் பற்றி யோசித்தாலும் அதே பகுதி விழித்துக்கொண்டது. மேற்கத்தியர்களுக்குத் தங்களைப் பற்றி யோசித்தபோது மட்டும். 'இன்னாருடைய மகன்' என்பதைக் கழற்றிவைக்கும் வெறும் லேபிள் என்று சொல்லும் அவசரத்துக்கு இது ஒரு தடை. சில உறவுகள் சட்டை மாதிரி மேலே கிடக்கின்றன. சில உறவுகள் 'நான்' என்று யோசிக்கும் அதே மூளைப்பகுதியில் ஓடுகின்றன.

மொழியும் அப்படித்தான். ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். சூசன் எர்வின்-டிரிப் 1960களில் அமெரிக்கரை மணந்த ஜப்பானியப் பெண்களிடம் பாதி வாக்கியங்களைக் கொடுத்து முடிக்கச் சொன்னார். ஒரே பெண் ஜப்பானிய மொழியில் குடும்பத்துக்குக் கட்டுப்பட்டவளாக முடித்ததை ஆங்கிலத்தில் தன் விருப்பப்படி நடப்பவளாக முடித்தார். இதில் எது உண்மையான அவர் என்று கேட்டால் கேள்விதான் தப்பு. அப்பாவிடம் தெலுங்கில் அடங்கிப் பேசிவிட்டு, அதே மூச்சில் வாசலுக்கு வந்து பால்காரரிடம் தமிழில் கணக்குக் கேட்கும் ராஜபாளையத்துப் பெண்ணுக்கு இது பதில் தேவைப்படாத விஷயம்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூரின் மகளிடம் வரலாம். நந்தவனத்தில் துளசியடியில் விஷ்ணுசித்தர் கண்டெடுத்த குழந்தை என்று மரபு சொல்லும் கோதை, அதாவது ஆண்டாள், முப்பது பாடல்கள் கொண்ட திருப்பாவையில் ஆயர்பாடிப் பெண்ணாக மாறிவிடுகிறாள். மார்கழி விடியலில் தோழிகளை எழுப்புகிறாள், நந்தகோபன் வாசலில் நிற்கிறாள். வில்லிபுத்தூரே ஆயர்பாடி ஆகிவிடுகிறது. இப்படி வேறொருவராக மாறி வாழ்ந்து பார்க்க ஞாபகம் வேலை செய்யும் அதே மூளைப்பகுதி வேண்டும். டெமிஸ் ஹசாபிஸும் எலினார் மெக்வையரும் 2007இல் காட்டியபடி, ஹிப்போகேம்பஸ் பழுதானவர்களால் போகாத ஒரு கடற்கரையைக்கூட முழுதாகக் கற்பனை செய்ய முடியவில்லை. கே.சி.க்கு மூடிய கதவு கோதைக்கு விரியத் திறந்திருந்தது.

இருபத்தொன்பது பாடல்கள் இடைப்பெண்ணாகவே பாடியவள் முப்பதாவதில் சட்டென்று திரும்புகிறாள். ஊர் புதுவை (வில்லிபுத்தூர்தான்), அப்பா பட்டர்பிரான் (விஷ்ணுசித்தர்தான்), பெயர் கோதை என்று தன் முத்திரையை வைக்கிறாள். நாச்சியார் திருமொழியிலும் பதிகம் முடியும் இடங்களில் இந்த முத்திரையைப் பார்க்கலாம். ஊர், தகப்பன், பெயர் என்று இன்றுவரை தமிழர்கள் இனிஷியல் போடுவதும் இந்த வரிசையில்தான். வேடத்துக்குள் முழுசாகக் கரைந்தவளுக்குத் திரும்பிவர வழி தெரிந்திருந்தது. அந்த வழியில் அவள் கட்டிவைத்த அடையாளக்கல் அப்பாவின் பெயர்.

அதே விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது திருச்சுழி. 1879 டிசம்பர் 30 அன்று அங்கே பிறந்த வேங்கடராமன் (பின்னாளில் ரமண மகரிஷி), 1896 ஜூலையில் மதுரையில் சித்தப்பா வீட்டில், பதினாறு வயதில், காரணமில்லாமல் வந்த மரணபயத்தை நேருக்குநேர் பார்க்கத் துணிந்தான். பிணம் மாதிரி விறைத்துப் படுத்தான். மூச்சை அடக்கினான். உடம்பு செத்தால் சாவது எது என்று உள்ளே கேட்டான். பழக்கம், பட்டம், உடம்பு என்று இந்த அத்தியாயம் கழித்துக்கொண்டு வந்த கணக்கை அந்தப் பையன் தரையில் படுத்தபடி ஒரே மூச்சில் போட்டுப் பார்த்தான். அவன் கண்டதை ஸ்கேன் இயந்திரம் நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அனுபவம் மிக்க தியானிகளின் மூளையில், தன்னைப் பற்றிய எண்ணம் ஓடும்போது இயங்கும் வலைப்பின்னல் அமைதியாகிறது என்று 2011இல் ஜட்ஸன் பிரூவர் குழு கண்டது. அதற்குமேல் அறிவியல் இன்று பேச வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 29 அன்று அவன் வீட்டைவிட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதிவைத்தான். கடிதம் 'நான்' என்று தொடங்குகிறது. சில வரிகளுக்குள் எழுதியவன் 'இது' ஆகிவிடுகிறான். முடிவில் 'இப்படிக்கு' என்ற சொல். அதன் பக்கத்தில் பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும்.

அந்தக் கோட்டோடு கடிதம் முடிந்திருந்தால் அது ஒரு துறவியின் கடிதம். கோட்டுக்குக் கீழே இன்னும் ஒரு குறிப்பு இருக்கிறது: அண்ணனின் கட்டணத்தை இன்னும் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது. பெயரை விட்டவன், 'நான்' என்ற சொல்லையே விட்டவன், அண்ணன் காசுக்குக் கணக்கு எழுதிவிட்டுத்தான் ரயில் ஏறினான். ஸ்ட்ரோமிங்கர் கேள்வி கேட்ட 248 குடும்பத்தாரில் யார் கையில் இந்தக் காகிதத்தைக் கொடுத்திருந்தாலும், எழுதியது அதே பையன்தான் என்று சொல்லியிருப்பார்கள்.

அவன் போய்ச் சேர்ந்த திருவண்ணாமலையில், சுவாமியாகப் பேசாமல் அமர்ந்திருந்த தொடக்க ஆண்டுகளில், தாலுகா அலுவலகத்தில் வேலைபார்த்த ஒருவர் தினமும் வந்துபோவார். சுவாமி யார், எந்த ஊர் என்று தெரிந்தாக வேண்டும் என்று அவருக்கு ஏக்கம். பதில் வரவில்லை. ஒருநாள், சொல்லும்வரை இங்கேயே இருப்பேன், சாப்பிட மாட்டேன், ஆபீசுக்கும் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவர் பட்டினி கிடப்பதைப் பார்க்க மனமில்லாமல், சுவாமி ஆங்கில எழுத்தில் தன் பெயரையும் ஊரையும் எழுதிக் காட்டினார். ஊர்ப்பெயரில் ஒரு எழுத்து வந்தவருக்குப் பிடிபடவில்லை. சுவாமி பக்கத்திலிருந்த பெரியபுராணப் புத்தகத்தை எடுத்து, சுந்தரர் தரிசித்த தலங்களில் ஒன்றாகத் திருச்சுழி வரும் பக்கத்தைத் திருப்பி, 'ழி' என்ற எழுத்தின்மேல் விரலை வைத்தார்.